மூன்று நாள் பச்சைச் சாறு

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். அதற்குள் இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு இரட்டைப் பின்னல், காணாமல் போன ஒரு காலுறை. எட்டேகாலுக்கு நான் பெரியகுளம் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். காலைச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. பிள்ளைகள் மீதம் வைத்த தோசையை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். பதினோரு மணிக்கு அலுவலக வாசலில் டீயும் வடையும். உடம்பு கனத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து என் நாத்தனார் போனில் சொன்னாள்: “மதினி, மூணு நாளைக்குப் பச்சை ஜூஸ் மட்டும் குடிச்சுப் பாருங்க. உள்ளுக்குள்ள கழுவி விட்ட மாதிரி ஆயிரும்.”

குடித்துப் பார்த்தேன். பாலக்கீரை ஒரு கட்டு, கொல்லை முருங்கையில் ஒரு பிடி இலை, வாழைப்பழம் இரண்டு, கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட் பாதி, செந்தூரம் மாம்பழம் ஒன்று, இரண்டு கரண்டி தேன். மிக்ஸியில் அடித்து மூன்று வேளையும் அதுவே. பாலும் தயிரும் கூடவே கூடாது என்பது விதி. முதல் நாள் உற்சாகமாகப் போனது. இரண்டாம் நாள் முற்பகலிலேயே மண்டை வெடிக்கிற தலைவலி. கை லேசாக நடுங்கியது. தண்ணீர் பாட்டிலை வேனில் விட்டுவிட்டு வந்ததற்காக மகனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் என் அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டில் தயிர்ச்சோறு போட்டு முன்னால் வைத்தார். சாப்பிட்டேன். எடை பார்த்தபோது ஒன்றே முக்கால் கிலோ குறைந்திருந்தது. அடுத்த வியாழக்கிழமைக்குள் அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கெங்குவார்பட்டியில் என்னைப் போலவே ஓடிக்கொண்டிருக்கும் அம்மாக்களிடமும் அப்பாக்களிடமும் பேசினேன். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த பேச்சுகளையே தலைப்பாக வைத்து, தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இவற்றில் சில சாதாரண ஏமாற்றங்கள். ஒன்றிரண்டு மட்டும் டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடக்கூடியவை.

“உடம்புல சேர்ந்த நச்செல்லாம் இறங்கிரும்”

எந்த நச்சு என்று கேட்டால் யாரும் பெயர் சொல்வதில்லை. ஈயமா, பூச்சிமருந்தா, யூரியாவா? பெயர் இருந்தால் ரத்தத்தில் அளக்கலாம். சாறு குடிப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். கடைகளில் விற்கும் இத்தகைய ‘டீடாக்ஸ்’ உணவுமுறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. மனிதர்களிடம் முறையாக ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கழிவு நீக்கும் வேலை நமக்குள் ஓயாமல் நடக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே விடுகின்றன. புரதம் சிதையும்போது உண்டாகும் அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு உறுப்புகளும் கெட்டுப்போனவருக்குக் கீரைச்சாறு உதவாது. நன்றாக இருப்பவருக்குக் கீரைச்சாற்றின் உதவி தேவையில்லை.

“நம்ம பாட்டி காலத்துலயே பேதிக்குக் குடுத்தாங்களே” என்பார்கள். உண்மைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்று தேரையர் பெயரில் வழங்கும் பாடலே இருக்கிறது. என் அம்மாச்சி விளக்கெண்ணெயோடு துரத்திய விடுமுறை நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வெறுங்காலோடு தோட்டங்காட்டில் அலைந்த அந்தக் காலத்துப் பிள்ளைகள் வயிற்றில் புழு நிறைய இருந்தது. அதற்குத்தான் அந்த வைத்தியத்தை அதிகம் நம்பினார்கள். இன்று அந்த வேலையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இன்னும் சுத்தமாகச் செய்கிறது. எப்படியானாலும், என் நாத்தனாரின் போனுக்கு வந்த சாறு நம் பாட்டிகளிடமிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் ஸ்டான்லி பரோஸ் என்பவர் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த்தூள் மட்டும் குடித்து நாள் கழிக்கும் முறையை 1976-ல் புத்தகமாகப் போட்டார். ஜே. ஜே. ஸ்மித் என்ற பெண்மணியின் பத்து நாள் பச்சை ஸ்மூத்தி புத்தகம் 2014-ல் பெரும் விற்பனை கண்டது. அந்த வழியில் வந்தது இது.

“தலை வலிச்சா நல்லது, நச்சு வெளியேறுதுன்னு அர்த்தம்”

நாளுக்கு மூன்று நான்கு டீ குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று டீ நின்றால், அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். காஃபின் நின்றதால் வரும் வலி அது. எனக்கு வந்ததும் அதுதான், கணக்குப் பிசகாமல் இரண்டாம் நாள் முற்பகலில். அதனோடு பசி. மூன்று வேளைச் சாற்றில் எனக்குக் கிடைத்த புரதம் இருபது கிராம் தேறியிருந்தால் அதிகம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 45 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். வலியை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. மயக்கம் வந்தவர்கூட “இறங்குது, இறங்குது” என்று பேசாமல் படுத்துவிடுவார்.

“மூணு நாள்ல மூணு கிலோ”

எடை குறைவது பொய்யில்லை. ஆனால் குறைவது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஏறத்தாழ அரைக்கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் எடுத்துச் செலவழிப்பது அதைத்தான். கூடவே நீரும் போய்விடும். சோறு சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். என் வியாழக்கிழமைக் கணக்கு இவ்வளவுதான்.

உடம்பு லேசான மாதிரி இருந்தது என்று பலர் சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அந்த மூன்று நாளும் பரோட்டா இல்லை, வடை இல்லை, சர்க்கரை போட்ட டீ இல்லை, இரவு பத்து மணிச் சாப்பாடு இல்லை. அவை இல்லாமல் போனதன் சுகம் அது.

“கீரைதானே, என்ன செஞ்சிரப் போகுது”

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

பாலக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்ஸலேட் என்ற உப்பு நிறைய உண்டு. 100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் முக்கால் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும். கூட்டிலும் பருப்பிலும் ஒரு கரண்டி சாப்பிடும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு கட்டைப் பச்சையாக அரைத்து, மூன்று வேளை, நாள்கணக்கில் குடித்தால் கதை வேறு. ரத்தத்தில் சேரும் ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து படிகமாகி, நுண்குழாய்களை அடைக்கும். பச்சை ஸ்மூத்தி சுத்திகரிப்பால் ஏற்பட்ட திடீர் ஆக்ஸலேட் சிறுநீரகப் பாதிப்பு என்றே தலைப்பிட்டு, அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. நோயாளி 65 வயதுப் பெண். முன்பு எடை குறைப்பதற்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அண்மையில் நீண்டநாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர். குடலில் ஆக்ஸலேட்டைத் தின்று அழிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கால் செத்துப்போகும். சாறு அவருக்கு முழு வேகத்தில் ஏறியது. அவருடைய சிறுநீரகம் மீளவே இல்லை.

அமெரிக்கா தூரம் என்று நினைக்க வேண்டாம். கம்பத்தைத் தாண்டிக் குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே இரும்பன்புளி என்று ஒரு காய் வீட்டுக்கு வீடு காய்க்கும்; மீன் குழம்பில் போடுவார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அதைச் சாறாகப் பிழிந்து குடித்த பத்துப் பேர் ஐந்து மருத்துவமனைகளில் சிறுநீரகச் செயலிழப்போடு சேர்ந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. குழம்பில் மிதந்தவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். காய் அதேதான், சாறாக்கியபோது அளவு மாறிவிட்டது.

சுரைக்காய்ச் சாறு தனிக்கதை. டெல்லியில் 2010-ல் பாகற்காயோடு சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசக்கும் சுரைக்காயில் இருக்கும் குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் நஞ்சு. சாறு எடுக்கும் முன் ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள் என்பது குழு சொன்ன அறிவுரை. கலந்தால் கசப்பு தெரியாது. காலை நடைப்பயிற்சிக்குப் போகும் இடங்களில் அருகம்புல், வாழைத்தண்டு, சுரைக்காய், பாகற்காய் எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் கலந்து வாங்கிக் குடிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கசப்புதான் மருந்து என்ற நம்முடைய பழக்கம் சுரைக்காயில் மட்டும் உயிருக்கு ஆபத்து.

ஆரோக்கியமாக இருப்பவருக்கு மூன்று நாள் பச்சைச் சாற்றால் பெரிய கேடு வந்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படி? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் சோற்றை நிறுத்திவிட்டுச் சாறு குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவருக்குக் கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையையே கெடுக்கும். கல் இருந்தவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகத்தில் ஏற்கெனவே குறை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வெயிலில் தோட்டவேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம்.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது ஒன்று. பால், தயிர் தொடக்கூடாது என்பது அந்த மூன்று நாளின் முதல் விதி. ஆனால் பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியம்தான் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கட்டி மலத்தோடு வெளியேற்றும். காவலுக்கு இருக்கும் ஆளையே விதி வெளியே அனுப்பிவிடுகிறது.

“பச்சையாக் குடிச்சாத்தான் சத்து முழுசா கிடைக்கும்”

பாதி உண்மை. வைட்டமின் சி வெந்தால் குறையும். ஆனால் கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின், கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. கொதிநீரில் போட்டு வடித்தால் கரையும் ஆக்ஸலேட்டில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். கல் வந்து போனவர்கள் அந்த நீரை ‘சத்து’ என்று குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். இரும்புச்சத்துக்கு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக்கொள்ளலாம், சாப்பிட்டதும் டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்ததாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாறு மட்டும் குடிக்கும் மூன்று நாளைவிட இந்தச் சின்னப் பழக்கம் பல மடங்கு பெறும்.

பச்சைக்கீரையில் இன்னொரு பயமும் உண்டு. மனிதக் கழிவு கலந்த நீர் பாய்ந்த மண்ணிலிருந்து பன்றி நாடாப்புழுவின் முட்டை இலையில் ஒட்டி வரலாம். அது வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். மிக்ஸி பிளேடு அந்த முட்டையை அழிப்பதில்லை. அடுப்பின் சூடு அழிக்கும்.

“முருங்கைப் பொடியில பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம்”

இதைச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பா. தபாலில் வரவழைத்த பச்சை டப்பாவைக் காட்டினார். அவர் வீட்டு வாசலில் முருங்கை மரம் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பதினேழு மடங்கு, 100 கிராம் பொடிக்கும் 100 கிராம் பாலுக்கும் உள்ள ஒப்பீடு. காய வைத்தால் நீர் போய் எல்லாமே செறிவாகும். யாரும் 100 கிராம் பொடி தின்பதில்லை. ஒரு கரண்டி ஐந்து கிராம். அதில் சுமார் 100 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில் இருநூறுக்கு மேல். பச்சை இலை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஆக வாசல் மரத்தில் உருவிய ஐம்பது கிராம் இலை, டப்பாவின் ஒரு கரண்டியை முந்திவிடுகிறது. வைட்டமின் சி-யும் காயும்போது பெரும்பகுதி போய்விடும், இலையில் இருக்கும்.

அந்த மரத்தின் கதையும் நம் பக்கத்துக் கதைதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட செடிமுருங்கை ரகம் பி.கே.எம்.-1, அந்தப் பெயரில் இருப்பதே பெரியகுளம்தான். போத்து நட்டு நெடுநாள் காத்திருந்த காலம் போய், விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய் பறிக்க முடிந்தது அதனால்தான். அந்த விதை ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. பாலக்கீரையைப் போல முருங்கையில் கரையும் ஆக்ஸலேட் இல்லை, பெரும்பாலும் கரையாத வகை. அதனால் சிறுநீரகத்துக்கும் அது சாதுவான கீரை. எல்லாம் வாசலிலேயே இருக்க, அவர் டப்பாவுக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு மனது கேட்கவில்லை.

“பிள்ளைகளுக்கும் ஒரு டம்ளர் குடுத்துரலாம்”

வேண்டாம். சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு வேளைகூட வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே பழச்சாறே கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு 125 மில்லி, அதற்கு மேல் 250 மில்லி போதும், பழமாகவே கொடுப்பது நல்லது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ல் வரம்பு சொன்னது. பச்சை நிறம் பார்த்து ஏமாறவும் கூடாது. நான் அடித்த சாற்றில் இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், இரண்டு கரண்டி தேன்; சர்க்கரை மட்டும் ஐம்பது கிராமைத் தாண்டும். வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்து மிஞ்சும் என்பது ஸ்மூத்திக்கு ஆதரவாக நான் ஒப்புக்கொள்ளும் ஒன்று. பிள்ளைகளுக்கு என்றதும் நாம் செய்கிற முதல் வேலை வடிகட்டுவதுதான்.

“சமைக்க நேரமில்லை, இது ரெண்டு நிமிஷம்”

இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். நச்சு, எடை எல்லாம் பிறகு வந்தவை. அதனால் இந்தப் பேச்சை மட்டும் நான் மறுக்கப் போவதில்லை. காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்க எந்த அம்மாவுக்கும் நேரமில்லை, அப்பாவுக்கும் இல்லை. ஒரு நாளைக்குக் கீரையும் காயும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம் என்பது 2024-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். அதை ஓட்டத்தோடு ஓட்டமாக எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்த வழி இது. முருங்கைக் கொப்பை ராத்திரியே ஒடித்து ஈரத்துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால், காலையில் உதறினாலே பாதி இலை உதிர்ந்துவிடும். தண்டுக்கீரை என்றால் ராத்திரியே ஆய்ந்து, கழுவாமல் துணியில் சுற்றி வைத்து, காலையில் மூன்று தண்ணீரில் அலசிக்கொள்கிறேன். பாசிப்பருப்பு குக்கரில் இரண்டு விசில் வரும்போது கீரை வாணலியில் வதங்கி முடிந்திருக்கும். மகளின் டிபன் பாக்ஸில் கீரைச்சோறு. எனக்குக் கேப்பைக் களியோடு ஒரு கரண்டி, கூட ஒரு டம்ளர் மோர். ஏழரைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், பத்து நிமிடம். அதற்காக ராத்திரி போனைப் பத்து நிமிடம் முன்னால் கீழே வைக்க வேண்டியிருந்தது.

கொப்பை உருவும் வேலை இப்போது மகனுடையது. டிவியைப் பார்த்துக்கொண்டே உருவுவான். நடுநடுவே காம்பும் விழும். அத்தை அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, “பாத்து உருவுய்யா, பூவு இருந்தா தனியா வையி, நாளைக்குப் பருப்புல போட்டுக்கலாம்” என்பார்.